பெஞ்சில் இருந்த தம்பி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கூடைப்பந்து பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜெயித்த கதையை மற்ற நண்பர்கள் சொல்வார்கள். நான் ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2012 பிப்ரவரி. நான் இறுதியாண்டு, அணித் தலைவன். ஹாஸ்டல் முழுக்க ஜெரமி லின் பேச்சுதான். ஹார்வர்டில் படித்தவர். இரண்டு அணிகள் அவரை வேண்டாமென்று விடுவித்திருந்தன. நியூயார்க் நிக்ஸ் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முக்கிய ஆட்டக்காரர்களுக்குக் காயம், தொடர் தோல்வி. பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. பிப்ரவரி 4 அன்று இறக்கிவிட்டார். லின் 25 புள்ளி எடுத்தார். ஆறு நாள் கழித்து லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 38. நாங்கள் கைதட்டிக் கூத்தாடினோம்.

அதே மாதம் எங்கள் பெஞ்சிலும் ஒரு இரண்டாமாண்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான். மைதானத்துக்கு முதலில் வருவான், பந்துகளுக்குக் காற்றடித்து வைப்பான். "அண்ணா, இன்னைக்காவது இறக்கி விடுவீங்களா?" என்பான். "பாக்கலாம்டா" என்பேன். கடைசி வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் அடிபடவில்லை. அதனால் அவனுக்கு வாய்ப்பும் வரவில்லை. அடுத்த வருடம் அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகுதான் இஞ்சினியர் மூளை கணக்குப் போட்டது. ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக மொத்தம் 200 நிமிடம். அணியில் 12 பேர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். அந்த 200-இல் பத்து நிமிடம் அவனுக்குக் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

இப்போது எங்கள் ஊர் இடையஞ்சாவடியில் ஞாயிறு காலைகளில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பையன், உயரம் உண்டு, கூச்சம் அதைவிட உண்டு. அவன் அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. "இவனுக்கு ஆட்டம் வருமா சார்?" என்று கேட்டவர், பதிலையும் அவரே சொன்னார்: "உப்புத் தண்ணிய எடுத்ததும் கடைசிப் பாத்தியில விட்டா உப்பு பூக்காதுங்க. பாத்தி பாத்தியா நின்னு கெட்டிப்படணும்."

அதைத்தான் செய்தேன். முதலில் அவனுக்கு ஒரே வேலை: வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடி, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு. அடுத்து, நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "ரெண்டாவது குவார்ட்டர்ல முதல் நாலு நிமிஷம் உன்னோடது. தப்புப் பண்ணாலும் வெளிய எடுக்க மாட்டேன்." பயிற்சியில் அவனை முதல் ஐந்து பேரோடு சேர்த்து ஆடவிட்டேன். நாலு நிமிடம் எட்டானது; எட்டு பன்னிரண்டானது. நடுவில் தப்பும் பண்ணினான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஆட்டத்தில் எங்கள் முக்கிய ஆட்டக்காரன் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினான். இவன் எழுந்து போனான். ஒரு தடவைகூட என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம். ஆனால் அன்று எனக்கு ஒரு ஆட்டக்காரன் கிடைத்தான்.

லின்னுக்கு விபத்தாக வாய்ப்பு வந்தது. எல்லாருக்கும் அப்படி வராது. யாராவது எடுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் இன்று டீம் லீடர், மேனேஜர். ஐ.டி. நண்பர்களுக்கு 'பெஞ்ச்' என்றாலே வயிறு கலங்கும்! திங்கட்கிழமை போய், ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நாலு நிமிட வேலை ஒன்றை நம்பிக் கொடுங்கள். மாணவத் தம்பி, தங்கைகளே, அணித் தலைவர் ஆனால் "பாக்கலாம்" என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தத் தம்பி இந்த மலரை வாசிக்கலாம். தம்பி, உன்னை இறக்கியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.