எதை முதலில் செய்வது, டீச்சர்?
(பெரம்பலூர் மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே பேசியது)



மருத்துவ மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். நமக்கு எதற்கு இது என்று தோன்றலாம். நம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான். பேச்சில் தெளிவில்லை; நடையிலும் சிறு தடுமாற்றம். பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு பரிந்துரைச் சீட்டு எழுதியது. பிறகு காதுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள், பேச்சுக்கு ஒரு நாள் என்று அலைச்சல். அவன் அம்மா சின்ன வெங்காயக் காட்டில் களையெடுப்பவர். போன நாளெல்லாம் கூலி இல்லை. ஒருவர் கருவி என்றார், ஒருவர் தசைப் பயிற்சி என்றார், ஒருவர் பேச்சுப் பயிற்சி என்றார். அவரவர் அளவில் எல்லாரும் சரிதான். சீட்டுகளை என் மேசையில் வைத்து, "எதை முதலில் செய்வது, டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

எனக்கும் விடை தெரியவில்லை. வட்டார வளமையச் சிறப்புப் பயிற்றுநர்தான் எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்து, இயன்முறை மருத்துவரையும் செவித்திறன் பரிசோதகரையும் தொலைபேசியில் பிடித்துப் பேசி, காதுதான் முதலில் என்று முடிவு சொன்னார். அரை மணி நேர வேலை. அதற்கு முன் நான்கு மாதம் போயிருந்தது.

ஏன் இப்படி? மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் எல்லாரும் படிக்கும் காலத்தில் தனித்தனிக் கட்டடங்களில் படித்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெவ்வேறு தொழிலுக்குப் படிக்கும் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவருமாகக் கற்க வேண்டும் என்கிறது அது. ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்டால் போதாது. ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டும்.

பக்கத்தில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. இன்று எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நர்சிங் மாணவிகளுக்கும் கிராமக் களப்பணி உண்டு. இரு தரப்பும் ஒரே நாளில் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எவ்வளவு கற்றுக்கொள்வார்கள்! புதுக் கட்டடம் ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை.

நம் பி.எட். மட்டும் என்ன? உள்ளடக்கிய கல்வி பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினோம். ஓர் இயன்முறை மருத்துவ மாணவரை நேரில் பார்த்ததுண்டா?

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்க்கிறார்கள். குழு பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். யார் பக்கத்துப் பையனைப் பார்த்தே எழுதுகிறான், யார் கரும்பலகைக்கு நகர்ந்து நகர்ந்து வருகிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆண்டு முழுக்கப் பார்ப்பவர்கள் நாம். குழு வரும் நாளில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு அலுவலக அறைக்குப் போய்விடாமல் செவிலியர் பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மருத்துவக் குழுவையும் இயன்முறை மருத்துவரையும் ஒரு மணி நேரம் அழைத்துத் தரும்படி வட்டார வளமையத்தில் கேட்டிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டுமோ, நீங்கள் கவனித்ததை நான்கு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கொடுத்துவைத்த பழைய சீட்டுகள் இருந்தால் அவற்றையும் வாங்கி வாருங்கள்.