பாடநூல் மாறும்போது ஆசிரியரைக் கேட்டல்



ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர் இல்லங்களில், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பிள்ளை எந்தெந்த மொழிகளைப் படிப்பது என்பதே அது. 2018ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு இயற்றிய சட்டம் இப்பேச்சிற் பாதியை முடித்துவிட்டது. எவ்வாரியத்தைச் சார்ந்த பள்ளியாயினும், பத்தாம் வகுப்பு வரையில் தெலுங்கு கட்டாயப் பாடம் என்றது அச்சட்டம். முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு படியாக மேலேறுவது ஏற்பாடு. இதனைக் குறைகூற நாம் வரவில்லை. வாழவந்த ஊரின் மொழியை நம் மக்கள் பிழையறக் கற்பது நமக்குப் பெருமையே. நாம் கேட்க விரும்புவது வேறு: எந்த நூலைக் கொண்டு, எம்முறையிற் கற்பிப்பது என்பதை யாரைக் கேட்டு முடிவு செய்வது?

2025 பிப்ரவரியில் ஒரு மாற்றம் வந்தது. மாநில வாரியத்தைச் சாராத பள்ளிகளில், ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் ‘சிங்கிடி’ என்னும் நூலுக்கு மாற்றாக, எளிய தெலுங்கில் அமைந்த ‘வெண்ணெல’ என்னும் நூலைப் பயன்படுத்தலாம் என்று அரசு ஆணையிட்டது. சிங்கிடி என்பது தெலங்கானா வழக்கில் வானவில்; வெண்ணெல நம் வெண்ணிலவுக்கு உடன்பிறப்பு. வானவில் போய் நிலவு வந்தது நம் பிள்ளைகளுக்கு ஆறுதல்தான். பள்ளி நிர்வாகத்தினரோடு கலந்து பேசி இம்முடிவு எட்டப்பட்டதாக அறிவித்தனர். நன்று. ஆயினும் நிர்வாகத்தினர் சொல்லக்கூடியது ஒன்று. கரும்பலகையின் முன் நிற்பவர் சொல்லக்கூடியது மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டு. ‘அவசரம்’ என்றால் நமக்கு விரைவு. தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்பது பொருள். ‘புத்தகம் அவசரம்’ என்னும் வாக்கியத்தைப் படிக்கும் தமிழ்ச் சிறுவன், புத்தகம் எங்கே ஓடுகிறது என்று விழிப்பான். இன்னொன்று: நாம் அவள் வந்தாள் என்போம், அது வந்தது என்போம். தெலுங்கிலோ ‘ஆமெ வச்சிந்தி’, ‘அதி வச்சிந்தி’. பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒருமையில் வினைமுடிவு ஒன்றே. தாயைப் பற்றி எழுதும்போது நம் குழந்தை தயங்குவதற்குக் காரணம் இலக்கணம் தெரியாமை அன்று. தன் வீட்டு இலக்கணம் நன்கு தெரிந்திருப்பதே. நம் ககரம் ஒன்று நிற்கும் இடத்தில் அங்கே நான்கு எழுத்துகள் நிற்கின்றன. சொல்லெழுதும் பயிற்சியில் விழும் சிவப்புக் கோடுகளிற் பல இதனால் வந்தவை. இவற்றையெல்லாம் நாள்தோறும் காண்பவர் ஆசிரியர். விடைத்தாளைக் கண்டிராத குழுவொன்று நூலை எளிமையாக்கும்போது, செய்யுளைக் குறைத்து அருஞ்சொற்களை நீக்கும். பிள்ளை இடறும் கல்லோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. அதே பலகையில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையும் அமர்ந்திருக்கின்றதே! நமக்கு எளிதாகும் நூல் அதற்கு உப்பில்லாத சோறாகலாம். அயர்லாந்து நாட்டினர் இச்சிக்கலை நேராகவே எதிர்கொண்டனர். ஐரிஷ் மொழிவழிப் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டம், ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு வேறொன்று என, இடைநிலையின் கீழ்வகுப்புகளில் 2017இல் இரண்டாகப் பிரித்தனர். மேல்வகுப்புகளுக்கும் அவ்வாறே வரைவுகள் வகுத்து, 2021இல் கருத்துக் கேட்டனர். அப்பொழுது எழுந்த வினா கூரியது: கடினமான பாடத்தை எடுப்பவனுக்கு அதற்குத் தக்க மதிப்பெண் இல்லையெனில், அவன் ஏன் அதனை எடுப்பான்? நல்ல மாணவனும் எளிய பாடத்தை நாடினால், மொழி வளர்வது எங்ஙனம்? வரைவு நிலையிலேயே இவ்வினா எழுந்தது நல்லதாயிற்று. நூல் அச்சேறிய பின் எழுந்திருப்பின், அது முறையீடாக மட்டுமே முடிந்திருக்கும்.

நம் தாயகத்திலும் இக்கதை உண்டு, மறுபக்கமாக. தமிழ்நாட்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்து ஏறிய தமிழ்க் கட்டாயம், 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டிற்று. தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் சிறுபான்மையினர் விலக்கு வேண்டி நீதிமன்றம் சென்றனர். 2023இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கான விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளையின் தயக்கத்தை அங்குள்ள தமிழாசிரியர் அறிவார். இங்கு நம் பிள்ளையின் தயக்கத்தைத் தெலுங்காசிரியர் அறிவார். இவ்விருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால் எத்துணை நலம் விளையும்!

கருத்துக் கேட்பதிலும் முறை உண்டு. கோடை விடுமுறையில் ஒரு படிவத்தை அனுப்பி, ஆம், இல்லை என்று குறியிடச் சொல்வது கேட்டலாகாது. வரைவுப் பாடம் இரண்டையேனும் வகுப்பில் நடத்திப் பார்க்க ஆசிரியருக்கு ஒரு பருவம் வேண்டும். அவர் சொன்னவற்றுள் எதை ஏற்றனர், எதை ஏன் விலக்கினர் என்று திருப்பிச் சொல்லவும் வேண்டும். விடை வாராத கடிதத்தை மறுமுறை எழுதுவார் யார்?

நமக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தெலுங்காசிரியரிடம் மதிப்பெண்ணை மட்டும் வினவாது, தமிழ் பேசும் பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்று கேட்போம். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அவர் இசைவோடு நான்கு பெற்றோர் கையொப்பமிட்டுத் தலைமையாசிரியர் கையிற் கொடுக்கலாம்.