பள்ளிக்கூடம் ஊருக்குள் திரும்ப வேண்டும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2026 மார்ச் 31க்குள் மாவோயிசத்தை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு நாள் குறித்தது. கொல்லப்பட்டோர், சரணடைந்தோர் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாக முன்வைக்கப்பட்டது. சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தாரில் எத்தனை ஆதிவாசிக் குழந்தைகள் எட்டாம் வகுப்பை முடித்தனர் என்ற கணக்கு அந்த மேடைகளில் ஒலிப்பதில்லை.

2005இல் சல்வா ஜூடும் தொடங்கியது. மாநிலத்தை ஆண்ட பாஜகவும் காங்கிரஸ் தலைவர் மகேந்திர கர்மாவும் அதில் கைகோத்தனர். கிராமங்கள் காலியாக்கப்பட்டு, மக்கள் சாலையோர முகாம்களுக்கு விரட்டப்பட்டனர். பள்ளிக் கட்டடங்களில் படையினர் தங்கினர். அதையே காரணம் காட்டி மாவோயிஸ்டுகள் பள்ளிகளைத் தகர்த்தனர்.

ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்று ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்தது அரசு. அதற்கு மேல் படிக்க வழிசெய்யாததும் அதே அரசுதான். இந்த ஏற்பாடு அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளையும் விடுதிகளையும் விட்டுப் படைகள் நான்கு மாதங்களில் வெளியேற வேண்டும் என்று அதே ஆண்டு ஜனவரியிலேயே உத்தரவிட்டிருந்தது.

மூடப்பட்ட பள்ளிகளுக்கு மாற்றாகச் சாலையோரங்களில் 'போர்ட்டா கேபின்' உறைவிடப் பள்ளிகள் வந்தன. அவை குழந்தைகளுக்குச் சோறும் எழுத்தும் அளித்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சின்னஞ்சிறு குழந்தை தாயைப் பிரிந்து, கோண்டி அறியாத ஆசிரியரிடம் இந்தியில் பாடம் கேட்க நேர்ந்தது. பள்ளி தொலைவானால் முதலில் நின்றுவிடுபவள் பெண் குழந்தையே. தம்பி தங்கையைப் பார்க்கவும், இலுப்பைப் பூ பொறுக்கவும், பீடி இலை பறிக்கவும் அவள் வீட்டில் தேவைப்படுகிறாள்; படைகள் நிற்கும் சாலையில் அவளை அனுப்பவும் பெற்றோர் அஞ்சுகின்றனர். படிப்பை விட்ட சிறுவனை ஒரு தரப்பு ஆள்சேர்க்கப் பார்க்கிறது. மறு தரப்பு சந்தேகத்தில் பிடிக்கிறது.

2022 ஜூனில் 260 பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவற்றில் 158 பிஜாப்பூர் மாவட்டத்தில். பல ஊர்களில் குடிசையே வகுப்பறை. உள்ளூரில் படித்த இளைஞர்களே 'சிக்ஷா தூத்' எனும் தற்காலிக ஆசிரியர்கள். குழந்தையின் மொழி அறிந்தவர்கள். 2025இல் இவர்களில் சிலரை உளவாளிகள் என்று கூறி மாவோயிஸ்டுகள் கொன்றனர். ஏழை ஆதிவாசி ஆசிரியரைக் கொல்வது புரட்சி அல்ல. அவர்களை நிரந்தரமாக்காமல் சொற்பத் தொகைக்கு வேலை வாங்குவது நல்லாட்சியும் அல்ல.

6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியைக் கல்வி உரிமைச் சட்டம் உறுதியளிக்கிறது. பஸ்தாரில் அதை நிறைவேற்றுவதென்றால், ஊருக்குள் பள்ளி. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி. உள்ளூர் ஆசிரியருக்குப் பயிற்சியும் நிரந்தரப் பணியும். பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறையும், மேல்வகுப்புக்குப் பாதுகாப்பான விடுதியும். பள்ளி வளாகத்தில் எவரின் துப்பாக்கிக்கும் இடமின்மை. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று கூறி அங்கே ஒரு பள்ளியையும் இணைக்கவோ மூடவோ கூடாது. எண்ணிக்கை குறைந்தது குழந்தைகளின் குற்றமல்ல.

முகாம் வந்த பிறகு பள்ளி வரும் என்கிறது அரசு. இருபது ஆண்டுகளாகக் காத்திருந்த ஒரு தலைமுறை படிக்காமலேயே வளர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறையையும் காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதை நாடெங்கும் எடுத்துச் சொல்வது இடதுசாரி இயக்கத்தின் கடமை.