பெயர் சூட்டும் உரிமை



அறிவியல் புனைகதையில் இயக்கங்களுக்கும் பெயர்களுக்கும் பஞ்சமே இல்லை. அறுபதுகளில் லண்டனின் ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழைச் சுற்றிப் புதிய அலை எழுந்தது. எண்பதுகளில் சைபர்பங்க் வந்தது. ப்ரூஸ் பெத்கி தன் சிறுகதைக்கு வைத்த தலைப்பு அது. 1983-ல் அச்சான அந்தத் தலைப்பு ஒரு தலைமுறைக்கே பெயரானது. பிறகு ஸ்டீம்பங்க், சோலார்பங்க். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பெயரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்: ஆஃப்ரோஃபியூச்சரிசம், அதாவது கறுப்பினத்தவர் தம் பார்வையில் எதிர்காலத்தைப் புனையும் எழுத்து. எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அந்தப் பெயருக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெயர் பிறப்பதற்கு வெகு முன்பே, 1920-ல், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் ‘தி காமெட்’ என்றொரு கதை எழுதினார். நியூயார்க் வங்கி ஒன்றின் ஏவலாள் ஜிம், கறுப்பர். யாரும் இறங்க விரும்பாத நிலவறைக்கு அவரை அனுப்புகிறார்கள். அவர் கீழே இருக்கும் நேரத்தில் வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்று பட்டு மேலே ஊரே மடிகிறது. பிழைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைச் சந்திக்கிறார். பிணங்களின் நகரத்தில் அந்த இருவருக்கும் நடுவே இருந்த நிறம் கரைகிறது; முதன்முறையாக மனிதரை மனிதர் பார்க்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அழிந்தது நியூயார்க் மட்டும் என்று! அவளுடைய தந்தை ஆட்களோடு வந்து சேர்கிறார். அவர்களோடு பழைய உலகமும் வந்துவிடுகிறது, ஜிம்மை அடித்துக் கொல்லத் துடிக்கும் குரலோடு. உலகம் அழிந்தால்தான் சமத்துவம் வரும், உலகம் பிழைத்தால் அதுவும் போய்விடும் என்று எழுதுவதற்கு எவ்வளவு வலி வேண்டும்!

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அறிவியல் புனைகதைக்கென்றே ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கியது 1926-ல். அதற்கும் ஆறு ஆண்டு முந்தியது இந்தக் கதை. ஆனாலும் இந்தத் துறையின் வரலாற்றில் அதற்கு நெடுங்காலம் இடமில்லை.

அறுபதுகளில் சாமுவேல் டெலனி வந்தார். நெபுலா விருது பெற்ற கறுப்பின எழுத்தாளர். அவருடைய ‘நோவா’ நாவலைத் தொடராக வெளியிட இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்தார். கறுப்பு நாயகனை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று அவர் சொன்ன காரணத்தை டெலனியே 1998-ல் எழுதிவைத்தார். ஒளியாண்டுகளைத் தாண்டும் கற்பனைக்கு ஒரு மனிதனின் தோலைத் தாண்ட முடியவில்லை. ஆக்டேவியா பட்லர் 1979-ல் ‘கிண்ட்ரெட்’ நாவலில் தன் காலத்துக் கறுப்பினப் பெண்ணை மேரிலாந்தின் அடிமைப் பண்ணைக்கு இழுத்துச் சென்றார். அதில் அறிவியல் எதுவும் இல்லை, அது ஒரு கொடூரமான மிகைபுனைவு என்றார் பட்லர். எந்த அலமாரியில் வைப்பதென்று கடைக்காரருக்குத் தெரியாத நூல் அது. அவர் எழுதியவற்றில் எனக்கு மிக உயர்ந்ததும் அதுதான்.

இவ்வளவும் எழுதப்பட்ட பிறகு, 1993-ல், மார்க் டெரி என்ற வெள்ளை விமர்சகர் ஒரு கட்டுரையில் ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்ற பெயரை உருவாக்கினார். கறுப்பர்களில் அறிவியல் புனைகதை எழுதுவோர் ஏன் இத்தனை குறைவு என்ற கேள்வியோடு டெலனி உள்ளிட்ட மூவரைப் பேட்டி கண்ட கட்டுரை அது. பெயர் வெளியிலிருந்து வந்ததுதான். அதற்காக நான் அதைத் தள்ளமாட்டேன். அலோண்ட்ரா நெல்சன் போன்ற கறுப்பின அறிஞர்கள் அதைக் கையிலெடுத்துப் பொருள் ஏற்றினார்கள். 2000-ல் ஷெரீ ரெனே தாமஸ் ‘டார்க் மேட்டர்’ என்ற தொகுப்பில் ஒரு நூற்றாண்டுக் கதைகளைத் திரட்டினார். அங்கே, 80 ஆண்டுகள் கழித்து, டு பாய்ஸின் வால்நட்சத்திரம் புதிய வாசகர்களுக்குத் தெரிந்தது. இலக்கியத்தில் ஒரு பெயர் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான்: மறைக்கப்பட்டவரைத் தேடி எடுத்து வந்து நம் முன்னால் நிறுத்துவது.

அதே பெயர் ஒருவரை விழுங்கவும் கூடும். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபோர் அதை மறுத்து, 2019-ல் தன் எழுத்தை ஆஃப்ரிக்கன்ஃபியூச்சரிசம் என்று தானே விளக்கி எழுதினார். ‘பிளாக் பாந்தர்’ படத்தில் வகாண்டா நாடு தன் முதல் வெளிநாட்டு மையத்தை அமெரிக்காவின் ஓக்லாந்தில் அமைக்கிறது. அண்டை ஆப்பிரிக்க நாட்டில் அமைத்தால் அது என் இலக்கியம் என்பது அவர் காட்டிய வேறுபாடு. அவருடைய ‘லகூன்’ நாவலில் வேற்றுக்கோளினர் லாகோஸ் கடலில்தான் வந்து இறங்குகிறார்கள். நியூயார்க்கில் அல்ல, லண்டனில் அல்ல.

இது வெறும் சொற்சண்டை என்பாரும் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. விமர்சகர் சூட்டிய பெயரை மாற்றும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. அவர் அதைப் பயன்படுத்தும்போது நாம் காது கொடுத்தாக வேண்டும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இயக்கங்களின் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் ‘தி காமெட்’ கதையைப் படியுங்கள், அடுத்து ‘கிண்ட்ரெட்’, அதன் பின் ‘லகூன்’. மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள்; பெயர்களைப் பற்றி அப்போது விவாதிப்போம்.