சூரியகாந்தியும் தேனீயும்



சூரியகாந்தி என்றவுடன் முற்றத்து அழகுச் செடியே உங்களுட் பலருக்கு நினைவில் எழும். மலைநாட்டு வேலியோரங்களில் வளரும் காட்டுச் சூரியகாந்தி வேறு. அதனைத் தழைப்பசளையாக நீங்கள் அறிவீர்கள். இன்று நாம் பேசப்போவது எண்ணெய் தரும் சூரியகாந்தியைப் பற்றியது.

இதன் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள ஆதிக்குடிகள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பயிரிட்டு, விதையை மாவாக்கி உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். ஆயினும், இதனைப் பெருவயற் பயிராக்கியவர்கள் ருசியரும் உக்ரேனியருமே. கிராஸ்னதாரில் பணியாற்றிய புஸ்தவோயித் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் விதை தெரிந்தெடுத்து, விதையில் நூற்றுக்கு 30 பங்களவில் இருந்த எண்ணெயை 50 பங்களவுக்கு உயர்த்தினார். உக்ரேனியருக்கு இப்பூ நாட்டின் அடையாளம். அணுவாயுதங்கள் அந்நாட்டைவிட்டு நீங்கிய 1996ஆம் ஆண்டில், பெர்வொமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமைச்சர்கள் சூரியகாந்தியையே நட்டனர்.

இனி, உங்கள் விளைச்சலைத் தீர்மானிக்கும் செய்திக்கு வருவோம். நாம் ஒரு பூவென்று காண்பது ஒரு பூவன்று. நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் விதை தருவதில்லை. நடுவிலுள்ள சிறுபூ ஒவ்வொன்றும் ஒரு விதையாகும். அவை விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஏறக்குறைய ஒரு வாரம் வரை வரிசையாக விரிகின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் மகரந்தம் முதிரும். சூல்முடி பின்னரே விரியும். ஆகவே, மகரந்தத்தைக் கொண்டுவரத் தேனீ வேண்டும். புதிய கலப்பினங்கள் சில தாமாகவும் கருக்கொள்ளும். அவற்றிலும் தேனீ வந்தால் மணி கூடுதலாகப் பிடிக்கும். பூக்கும் வாரத்தில் பூச்சிநாசினி தெளித்தவர் தேனீயைக் கொன்று பதரையே அறுப்பார். அயலிலுள்ள மிளகாய்க்கோ கத்தரிக்கோ மருந்து தெளிக்க நேர்ந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளியுங்கள்.

இப்பூ நாள்முழுதும் ஞாயிற்றைத் தொடரும் என்பது பாதி உண்மையே. இளஞ்செடிதான் அவ்வாறு திரும்பும். முதிர்ந்த பூ கிழக்கு நோக்கி நின்றுவிடும். காலை வெயிலில் விரைவில் சூடேறும் அப்பூவைத் தேனீக்கள் மிகுதியாக நாடுகின்றன என 2016இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர்.

இதன் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், நெல்லுக்குப் போதாத நீரிலும் இது விளையும். ஆனால் வேரடியில் நீர் தேங்கக் கூடாது. நெல்வயலாயின் முதலில் வடிகால் வெட்டுங்கள். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி விட்டால், ஏக்கரில் 21,780 செடிகள் நிற்கும். மொட்டு விடும்போதும் பூக்கும்போதும் ஈரம் குறையவே கூடாது. மணி முற்றும் நாட்களில் கிளிகள் வந்து சேரும். காலையும் மாலையும் காவல் வேண்டும்.

பூத்தலையின் முதுகுப்புறம் பச்சை மாறி மஞ்சளானதும் அறுத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, தடியால் அடித்து விதையைப் பிரியுங்கள். விதையை மீண்டும் உலர்த்திய பின்னரே சாக்கில் கட்டுங்கள். ஈரவிதை பூஞ்சணம் பிடித்துக் கெடும். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கை மாட்டுக்கு இடலாம்.