வாக்கியமும் வானமும்



அறிவியலிலும் கலையிலும் நம் செவ்வியல் மரபு பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்த மரபு எதுவரை போயிற்று, எங்கே நின்றுவிட்டது என்ற இரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறேன். பெருமையை மட்டும் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கடல் கடந்து வந்த உங்களுக்கு இங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்கிற கேள்விகளுக்கு அது பதிலாகாது. அறிவியலுக்கு, மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தையும், கலைக்குச் சோழர் காலத்துச் செப்புத்திருமேனியையும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தனக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். தரையில் சோழிகளை வைத்தும் எடுத்துமே அவர் கணக்குப் போட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அட்டவணைகள் எல்லாம் சொற்களாக மனத்தில் இருந்தன. கணித்தது அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 கிரகணம். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

அவர் மனத்தில் இருந்தது என்ன? கலியுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது முதல் கணக்கு. இன்றைக்கு அது 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து பெரிய சுற்றுகளை முதலில் கழிப்பார்கள். 12,372 நாள், பிறகு 3,031, கடைசியாக 248. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, விலகிப்போய், மறுபடி அருகே வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது முறை வந்தால் 248 நாள். ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் மெதுவாகவும் நடக்கிற சந்திரன், 248 நாளுக்கு ஒருமுறை அதே நடையை முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். கழித்தது போக மிச்சம் எத்தனையோ, அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் அன்று எங்கே இருக்கிறது என்பது வந்துவிடும். சுற்றுகளின் பெயருக்குள்ளேயே எண் இருக்கிறது. 248-க்குப் பெயர் ‘தேவரம்’. எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறையில் தே என்றால் 8, வ என்றால் 4, ர என்றால் 2. கடைசியிலிருந்து படித்தால் 248. 3,031-க்கு ‘கலாநிலம்’ என்று பெயர். மறக்கவே முடியாதபடி செய்து வைத்திருந்தார்கள்.

இதை மனிதர்கள் செய்த அழகான கணக்குகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். கருவி இல்லாமல், ஓலைகூட இல்லாமல், கிரகணம் எப்போது என்று ஓர் ஊர்க் கணியர் சொல்ல முடிந்தது. நினைவாற்றலை நம்பி நடந்த ஒரு கல்விமுறை எட்டக்கூடிய உயரம் அது.

அறிவியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகெபவர் 1952-இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரை பேசும் இந்த 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் இருக்கிறது, ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்ச சித்தாந்திகையிலும் இருக்கிறது. அந்த நெடிய வரிசையில் உயிரோடு எஞ்சிய கடைசிக் கண்ணிகளில் ஒருவர் நம் புதுச்சேரிக் கணியர். கணக்கு வெளியிலிருந்து வந்தது நமக்குக் குறைவு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இதில் பெருமைதான். பாபிலோன் மண்ணாகிப் போன பிறகும் அதன் கணக்கைத் தமிழ்நாட்டுத் திண்ணைகள் பல நூற்றாண்டு தாண்டிக் காப்பாற்றியிருக்கின்றன. கடல் கடந்து வந்து வாழ்கிற உங்களுக்கு, அறிவு ஊர்விட்டு ஊர் போகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் பற்றிய தகவல் நம்மவர்களிடையே அடிக்கடி பகிரப்படுகிறது. அவர் புதுச்சேரியில் தங்கித் தமிழ்க் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது. தகவல் உண்மை. ஆனால் அந்த 41 வினாடியைச் சொல்கிறவர்கள் 1825-இன் 52 நிமிடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முறை நெருங்கி வந்ததை வைத்து ஒரு கணித முறையை எடைபோட முடியாது. மேயரின் அட்டவணையை அவருக்குப் பின் வந்தவர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே போனார்கள். வாக்கியத்தை ஒப்பிக்கக் கற்றவர்களுக்குத் திருத்தும் வழி சொல்லித் தரப்படவில்லை. தன்னிடம் வந்தவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரனே எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு. லெ ஜென்டில் வந்தது வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க. 1769 ஜூனில் புதுச்சேரியில் மேகம் மறைத்துவிட்டது, பாவம். அந்தக் கடப்பை வைத்து ஐரோப்பியர்கள் அளக்க நினைத்தது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை. வாக்கியம் ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். ‘எவ்வளவு தூரம்’, ‘ஏன்’ என்ற கேள்விகளுக்கு அதில் இடமே கிடையாது. தன் கேள்விக்குள் அது வல்லமை மிக்கது. அந்தக் கேள்விக்கு வெளியே அதற்கு வாய் இல்லை.

மரபு முழுவதுமே இப்படித்தான் இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். பக்கத்துக் கேரளத்தில், நிளா நதிக்கரையில், பரமேசுவரர் என்பவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைத் தானே பார்த்துக் குறித்தார். கணக்குக்கும் கண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைச் சரிசெய்து 1431-இல் ‘திருக்கணிதம்’ தந்தார். அந்தப் பரம்பரையில் வந்த நீலகண்ட சோமயாஜி, நூல் சொல்வதும் வானம் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியது நூலைத்தான் என்று ‘ஜோதிர்மீமாம்சை’யில் வாதிட்டார். ஆக, திருத்துவதும் நம் மரபுதான். மனப்பாடமும் நம் மரபுதான். நாம் எதன் வாரிசு என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

திருத்தாமல் ஒப்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராகு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், நான் கணக்கை மட்டும் பார்க்கிறேன். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரை எட்டுப் பங்கு. திங்கட்கிழமை இரண்டாவது பங்கு. ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிற ஊரில் அது ஏழரையிலிருந்து ஒன்பது. ஊரிலிருந்து வந்த நாட்காட்டியில் அச்சாகியிருப்பது அதுதான். கோடையில் ஐந்து மணிக்கு உதித்து இரவு ஒன்பது மணிக்கு மறைகிற, வடக்கே வெகுதொலைவில் உள்ள நாட்டில், அதே விதிப்படி ஏழிலிருந்து ஒன்பது. குளிர்காலத்தில் எட்டு மணிக்கு உதித்து நாலு மணிக்கே இருட்டிவிட்டால், ஒன்பதிலிருந்து பத்து. அன்றைக்கும் ஏழரைக்கே வாசலில் தயங்கி நிற்கிறவர், சூரியன் உதிக்கும் முன்பே ராகு காலம் பார்க்கிறார். நார்வேயின் வட முனையில் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே எட்டாகப் பங்கு போடப் பகலே இல்லை. துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்பது 499-இல் எழுதிய ஆரியபடருக்குத் தெரியும். மூலத்தில் இருந்த அறிவு வாய்பாட்டில் விட்டுப்போயிற்று. விடையை மட்டும் காப்பாற்றிக் காரணத்தைக் கைவிட்டால் இப்படித்தான் ஆகும்.

திருத்தும் மரபைத் தொடர்ந்தவர் சென்னை வானாய்வகத்தின் ரகுநாதாச்சாரியார்; அவர் பெயரைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் கண்டதற்கு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவரும் அவரே. மரபையும் புதிய வானியலையும் ஒரே மேசையில் வைத்து வேலை பார்த்தார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கேவலமாக நினைக்கவில்லை. அவர் காலத்திலிருந்து இன்றுவரை வாக்கியமும் திருக்கணிதமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் கணக்கில் அது 2026 மார்ச். ராசியின் எல்லையை எங்கே வரைவது என்பதில் கருத்து வேறுபடலாம். சனிக்கிரகம் எங்கே நிற்கிறது என்பதில் கருத்துக்கு இடமில்லை. கோயில் தன் வழக்கப்படி விழா எடுக்கட்டும், அது அவர்கள் உரிமை. வானியல் என்ற பெயரில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பொங்கலுக்கும் இதையே சொல்வேன். தை முதல் நாள் உத்தராயணம், சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்கிறோம். சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். பஞ்சாங்க ஆண்டு பருவ ஆண்டைவிடச் சற்று நீளம்; ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. அப்படியே தள்ளித் தள்ளி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் எது என்பது வடக்கே வாழும் உங்கள் பிள்ளைகளுக்கு ஜன்னலைப் பார்த்தாலே தெரியும். பொங்கலை மாற்ற வேண்டாம். தை முதல் நாள் நம் உழவரின் நாள், நம் நாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நவம்பர் முதல் பொங்கல் வரை மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, நண்பகல் நிழலை வாரந்தோறும் அளக்கச் சொல்லுங்கள். எந்த வாரம் நிழல் மிக நீளம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பரமேசுவரர் செய்ததும் அந்த வகை வேலைதான்.

இனி கலை. இங்கே கதை வேறு.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். ராஜராஜன் காலத்துத் திருமேனி, ஆண்டு 1011. பாம்புகளோடு சுற்றிய சடை தலைப்பாகைபோல் இருக்கும். கால்களைப் பின்னி, காளையின் மேல் ஒரு கையைச் சாய்த்து ஒய்யாரமாக நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்த முழங்கையையும் சரிந்த இடுப்பையும் பார்த்தால், காளையின் திமில் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர் முன்னால் கால் மணி நேரம் நிறுத்துங்கள்.

இதற்கும் வாய்பாடு உண்டு. தாளம் என்ற உடலளவுக் கணக்கில் சிவனுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவிக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, நாபி, முழங்கால் என்று குறித்துக்கொள்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, சூட்டில் மெழுகை வடியவிட்டு, அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். ஒரு வார்ப்புக்கு ஓர் அச்சு. தாளக் கணக்கு ஒரு சாதாரணக் கைவினைஞரைத் தவறவிடாமல் காப்பாற்றுகிறது. ஆனால் ரிஷபவாகனரின் கை எவ்வளவு சாய வேண்டும் என்பதை 124 அங்குலம் சொல்லவில்லை. அது செய்தவர் கண்ட சாய்வு.

மேயரின் அட்டவணையை அடுத்த அட்டவணை பழையதாக்கியது. அறிவியலில் அதுதான் நியாயம். ரிஷபவாகனரை எந்தச் சிலையும் பழையதாக்க முடியாது. அவர் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல வானத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் கலைக்கு அறிவியல் சான்றிதழ் தேடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2004-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், இந்திய அரசு அளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி அந்தத் தாண்டவத்தை உலகுக்கு விளக்கியவர். இயற்பியலாளர் காப்ரா 1975-இல் துகள்களின் ஆட்டத்தோடு அதை ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு அழகு. அதனால் சோழச் சிற்பிக்கு அணுத்துகள் தெரிந்திருந்தது என்று ஆகாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. நடராசர் பெரியவராக இருப்பதற்கு அவர் போதும்.

கலை மரபுக்கும் எல்லை உண்டு. தாளங்கள் தெய்வங்களுக்கு வகுத்தவை. மெரினா கடற்கரைச் சிலையில் பாறையை நெம்பித் தள்ளுகிற நான்கு தொழிலாளர்களின் முதுகுக்கும் விலா எலும்புக்கும் தசதாளத்தில் இடமில்லை. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதைச் செய்தார்; அதற்கு வேறு வழியில் பயின்ற கை வேண்டியிருந்தது; 1959-இல் அந்தச் சிலை கடற்கரைக்கு வந்தது. நம் வீதிகளில் சுமை தூக்கியவர்கள் உழைக்கும் உடலோடு உலோகத்தில் நிற்பதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று என்பது எனக்கு உறுத்துகிறது.

அதே கலைப்பள்ளியில் படித்த சிற்பி பி.வி. ஜானகிராம் கோயில் கவசங்களைப் பார்த்தார். சாமிக்குச் சாத்துகிற அந்த உலோகத் தகட்டு வேலையையே எடுத்து, செம்புத் தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்து, தாளக் கணக்கில் எங்குமே இல்லாத உருவங்களைச் செய்தார். முன்னாலிருந்து பார்த்தால் கருவறைச் சாமியின் நேர்ப்பார்வை தெரியும். சுற்றி வந்தால் இருபதாம் நூற்றாண்டுச் சிற்பம். அதுபோல, பரதமும் கர்நாடக இசையும் கற்கிற உங்கள் பிள்ளைகளில் யாராவது, கற்றதை நன்றாகக் கற்ற பிறகு, இந்த நாட்டையும் இந்தப் பனியையும் பற்றி ஒரு வர்ணம் செய்தால், சபாக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்காமல் இந்த மேடையை அவர்களுக்குக் கொடுங்கள்.