தவறு படிவத்தில் இருக்கிறது: இணைய வடிவமைப்பு என்னும் படிப்பும் தொழிலும்

நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டி முகாமில், இணைய வடிவமைப்புத் துறையில் பணிபுரியும் நமதூர்ச் சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.





மருத்துவம், பொறியியல், சி.ஏ. பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாக விளக்கினார்கள். என் தொழிலின் பெயரைச் சொன்னால் நம் வீடுகளில் பலருக்கும் விளங்காது. என் உம்மாவிடம் யாராவது கேட்டால், ‘கம்ப்யூட்டர்ல படம் வரையுறா’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் பெயரைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பக்கத்துத் தெரு லாத்தா ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். கணவர் மவுத்தாகிவிட்டார். மகள் கல்லூரியில் முதல் வருடம். இணையத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், தள்ளுபடி ஆகிவிட்டது. காரணம், பெயர் பொருந்தவில்லையாம்.

நடந்தது இதுதான். அந்தப் படிவத்தில் பெயர் எழுத இரண்டு கட்டங்கள். ஒன்று முதல் பெயர், இன்னொன்று கடைசிப் பெயர். நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று ஏது? வாப்பா பெயரின் முதல் எழுத்துதான் நமக்கு இனிஷியல். அந்தப் பிள்ளை இரண்டாவது கட்டத்தில் இனிஷியலைப் போட்டது. ‘இரண்டு எழுத்துகளாவது வேண்டும்’ என்று சிவப்பில் வந்தது. ஒரு புள்ளி சேர்த்துப் பார்த்தது; அதையும் ஏற்கவில்லை. கடைசியில் வாப்பாவின் பெயரை முழுதாகப் போட்டது. படிவம் போய்விட்டது. ஆனால் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல்தான் இருக்கிறது. சரிபார்க்கும்போது பெயர் வேறு என்று தள்ளிவிட்டார்கள். அது தெரியவந்தபோது திருத்தும் தேதியும் முடிந்திருந்தது.

‘நான் படிக்காதவ. பாத்துப் போடத் தெரியல. பிள்ளைக்கு வர வேண்டிய காச நானே கெடுத்துட்டேன்’ என்று லாத்தா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சொன்னேன்: ‘இல்ல லாத்தா. தப்பு உங்க மேல இல்ல. அந்தப் படிவத்து மேலதான்.’

அந்த வருடக் கட்டணத்தை அல்லாஹ்வின் உதவியால் இந்த அறக்கட்டளை கட்டியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தொகை இன்னொரு ஏழைப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டியது. எங்கோ உட்கார்ந்து யாரோ சரியாக யோசிக்காமல் போட்ட ஒரு கட்டத்தின் விலையை நம் ஊர் கொடுத்தது.

அப்படிப்பட்ட கட்டங்களைச் சரியாக அமைப்பதுதான் என் தொழில். இளைஞர்கள் யு.ஐ., யு.எக்ஸ். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன சொல்லால் இருக்க வேண்டும், ஒருவர் தவறினால் எப்படித் திருத்திக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் வேலை. படம் வரைவது அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி, மனிதர்களைப் பொறுமையாகக் கவனிப்பது.

இந்தத் துறையை வளர்த்த இருவரைச் சொல்கிறேன். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. பழி கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் மீது விழுந்தது. ஆராய்ந்தவர்களில் டொனால்ட் நார்மன் என்ற உளவியல் பேராசிரியரும் ஒருவர். ஊழியர்கள் மீது குற்றமில்லை, அந்த அறையின் அமைப்பே மனிதரைத் தவறு செய்ய வைக்கும்படி இருந்தது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1988-இல் கதவு, குழாய், சுவிட்சு போன்ற சாதாரணப் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் படிக்கப்பட்டது. தள்ள வேண்டிய கதவை எல்லோரும் இழுக்கிறார்கள் என்றால் கோளாறு கதவில்தான் என்பது அதன் சாரம். அவர் முதலில் படித்தது மின் பொறியியல். முனைவர் பட்டம் உளவியலில்.

இன்னொருவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன். கணினியை மனிதர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு பக்கத்தைச் சோதிக்க ஆயிரம் பேர் தேவையில்லை, ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார். 1998-இல் இவரும் நார்மனும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் இன்றும் இத்துறையில் பெயர் பெற்றது.

இந்த ஐந்து பேர் விஷயத்தை நான் என் சொந்தத் தவறில் கற்றேன். ஒரு செயலியில் படிவத்தின் கடைசிப் பொத்தானுக்குச் ‘சமர்ப்பி’ என்று பெயர் வைத்திருந்தோம். சுத்தமான தமிழ் என்று எங்களுக்குப் பெருமை. ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சோதித்தோம். நாலு பேர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்தப் பொத்தானைத் தொடாமல் விழித்தார்கள். ஒரு பெரியவர், ‘இத அமுக்குனா பணம் பிடிச்சிருவாங்களோ?’ என்று கேட்டார். ‘விண்ணப்பத்தை அனுப்பு’ என்று மாற்றினோம். கீழே ‘கட்டணம் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்தோம். அடுத்து வந்தவர்கள் தயங்கவில்லை.

இதைக் கேட்கும்போது, ‘இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?’ என்று தோன்றலாம். இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு, ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது. அறிவியல், வணிகவியல், கலை என எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். தேறினால் நான்கு வருட பி.டெஸ். படிப்பு. பட்டம் முடித்தவர்களுக்குச் சீட் என்ற தேர்வு; அது எம்.டெஸ். படிப்புக்கு. பொதுவாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கி, ஜனவரியில் தேர்வு நடக்கும். 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் வேறு வடிவில் கேட்பார்கள். மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் மட்டும் போதாது. முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தேன். சென்னையில் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தேன். நாங்கள் செய்து கொடுத்ததை மக்கள் பயன்படுத்த முடியாமல் தவிப்பதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினேன். சீட் தேர்வில் முதல் முறை தோற்றேன். இரண்டாவது முறைதான் இடம் கிடைத்தது. உளவியல், விஸ்காம், மொழி இலக்கியம் படித்தவர்களும் என்னோடு படித்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. ‘மூன்றே மாதம், சான்றிதழ், கைநிறையச் சம்பளம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைவிட, நீங்கள் என்ன பிரச்சினையைப் பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இந்தத் தொழிலில் அமானிதமும் இருக்கிறது. வேண்டாத பொருளைக் கூடையில் தானாகச் சேர்ப்பது, சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பது, ‘இன்னும் ஐந்து நிமிடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இவற்றையும் எங்களைப் போன்ற ஒருவர்தான் வரைகிறார். இப்படிப்பட்ட 13 வகை ஏமாற்று உத்திகளை இந்திய அரசு 2023 நவம்பரில் தடைசெய்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது மார்க்கம் நமக்கு எப்போதோ கற்றுத் தந்த பாடம். அது கடைக்கு மட்டுமல்ல, திரைக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் நிரப்பித் தருவதற்கு நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கிறது. இந்தத் துறையில் ஆர்வமுள்ள தம்பி, தங்கைகள் விடுமுறையில் அங்கே போய் உட்காருங்கள். ஐந்து பேர் படிவம் நிரப்புவதைப் பாருங்கள். நடுவில் புகுந்து உதவாதீர்கள். எந்த இடத்தில் தயங்குகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உதவுங்கள். அந்தக் குறிப்பேடுதான் உங்கள் முதல் பாடநூல். அதை எனக்குக் காட்டுங்கள். நுழைவுத் தேர்வுக்கு என்னால் முடிந்த வழிகாட்டுதலை இன்ஷா அல்லாஹ் செய்கிறேன்.

தாய்மார்களே, எந்தப் படிவமும் நிரப்புவதற்கு முன் ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பிள்ளையின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதி வைத்திருக்கிறோம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பார்த்த பிறகும் படிவம் ஏற்கவில்லை என்றால், ‘நான் படிக்காதவ’ என்று சொல்லாதீர்கள். அந்த மேசைக்கு வந்து, ‘இந்தப் படிவம் சரியில்லை’ என்று சொல்லுங்கள்.

அந்தப் படிவங்களைச் சரியாக அமைக்கும் இடத்தில் நம் பிள்ளைகளில் சிலராவது உட்கார அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.